பீலிப்படிக்கு வளைத்த குழாய்

என் வாயாடி அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். உனக்கு எழுத்துத் தெரியாது, கண் தெரிந்த காலத்திலேயே தெரியாது. ஆகையால் எழுதி முடித்ததும் பீலிப்படியில், நீ நிற்காமல் கடக்கும் அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அப்புறம் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். நம் தேயிலைத் தோட்டத்தின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதப் போவதில்லை. கொட்டகலைப் பக்கம் என்று போட்டால் போதும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள். பொறுமைக்கும் உனக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

முதலில் சேதி. நம் லயத்து வரிசைவீட்டு வாசலுக்கே தண்ணீர்க் குழாய் வரப்போகிறது. இனிமேல் குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துப் பீலிக்கு இறங்கிப்போய், மலையிலிருந்து ஊற்றுகிற தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெண்டுகள் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறுநாள் ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டுப் பேசும் வரைக்கும்.

பீலிப்படியில் நான் வைத்திருக்கும் கைப்பிடிக் குழாயைக் கழற்றிக் கொண்டு வரச் சொன்னார். லயத்து மூலையில் தண்ணீர்க் குழாய் திரும்புகிற இடத்துக்கு ஒரு வளைவு தேவைப்படுகிறதாம், நான் வளைத்தது அளவாக இருக்கிறதாம். தண்ணீர் வாசலுக்கே வந்தபிறகு அந்தப் படிக்குக் கைப்பிடி எதற்கு என்று கேட்டார். அவர் அதிகாரமாகக் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் குழாயின் கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீ குறுக்கே பேசாதே.

நீ புருஷனைப் பறிகொடுத்து என்னோடு வந்து இருந்தவள். இந்த மலையில் உன்னைப்போல வேகமாகக் கொழுந்து எடுத்தவர்கள் சிலர்தான். அப்புறம் கண்ணில் பூ விழுந்தது. முதலில் வெளியே சொல்லாமல் சமாளித்தாய். உன் கூடையில் முத்தல் இலை கலந்து வருவதைக் கங்காணி கண்டுபிடித்தார். ஒருதரம் சொன்னார், இன்னொருதரம் திட்டினார், அப்புறம் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு நீ அழவில்லை. கூடையைக் கழுவி, காயவைத்து, பாக்கியத்திடம் கொடுத்தாய். பாக்கியம் என் பெண்டாட்டி, அப்போதுதான் நம் ஒற்றையறைக் காம்பிராவுக்கு வந்திருந்தாள்.

கண் போனதைவிட உனக்குக் கொடுமையாக இருந்தது, யாராவது கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவதுதான். பீலிக்குப் போகவும் பாக்கியம் வேண்டும், கொல்லைக்குப் போகவும் பாக்கியம் வேண்டும். அவள் முகம் சுளித்ததில்லை. நீதான் ஒரு காலையில் அவள் கையை உதறிவிட்டாய்.

"கயித்தப் புடிச்சு இழுத்துட்டுப் போறதுக்கு நா என்ன கன்னுக்குட்டியா? பீலிக்கு நா தனியாப் போகணும்டா. அதுக்கு ஏதாவது வழி பண்ணு. இல்லாட்டி என்னைய இப்படியே விட்டுரு."

என்னைப் பார்த்துச் சொன்னாய். நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தாய், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

முதலில் கயிறு கட்டினேன். மழையில் ஊறித் தொய்ந்தது. படி திரும்புகிற இடத்தில் நீ இழுத்ததும் ஊஞ்சலாக ஆடி உன்னைக் கீழே தள்ளியது. முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்து, இது எமன் விட்ட கயிறு என்றாய். அன்றைக்குத்தான் குழாயில் கைப்பிடி வைப்பது என்று முடிவு செய்தேன். நேர்ப்படிக்கு ஒன்றும் கஷ்டமில்லை, ஃபெக்டரியில் கழித்துப்போட்ட குழாய் இருந்தது, கேட்டால் கொடுத்தார்கள். கஷ்டமெல்லாம் அந்தத் திருப்பத்தில்தான். ஸ்டோரிலிருந்து ஒரு முட்டுத் துண்டு வாங்கி வந்து உன் கையில் கொடுத்தேன், இரண்டு குழாயைச் சேர்க்கிற அந்தத் துண்டு. நீ உதட்டைப் பிதுக்கினாய்.

"இதுல கை வந்து முட்டுது. கை நின்னா காலும் நிக்கும். அந்த எடத்துல கால் நிக்கக்கூடாதுடா, பாசி வழுக்கும். கை வழுகிக்கிட்டே திரும்பணும்."

ஆகவே குழாயையே வளைக்க வேண்டும். நானோ ஃபெக்டரியில் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறவன். அட்டன் டவுனிலிருந்து வந்த குழாய் வேலைக்கார பாஸ் ஒருவர் முற்றத்தில் மணல் போட்டுக் குழாய் வளைத்ததை எண்ணெய்க் குவளையோடு தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். அதிலும் பாதிதான் பார்த்தேன். மீதிப் பாதியை நம் வாசலில் நாமே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

முதல் குழாயை மணலும் இல்லாமல் நெருப்பும் இல்லாமல் கொய்யா மரக் கவட்டையில் கொடுத்து இழுத்தேன். வளையவில்லை, மடிந்தது. நீ தடவிப் பார்த்துவிட்டு, அப்பளம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாய். பாக்கியம் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டீர்கள்.

அடுத்தது வெள்ளைப் பூச்சுப் பூசின குழாய், பார்க்க அழகாக இருந்தது. அதை நெருப்பில் வைத்தால் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும், அது ஆகாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்று சாயங்காலமே காய்ச்சலும் குளிரும் தூக்கித் தூக்கிப் போட்டது. காற்று கறுப்பு அடித்துவிட்டது என்று பாக்கியம் வேப்பிலை தேடினாள். நீ கொத்தமல்லி காய்ச்சிக் கொடுத்து, "காத்துமில்ல கறுப்புமில்ல, அந்தப் பொகைதான். நாத்தமே சரியில்ல"  என்றாய். அதற்குப் பிறகு கறுப்புக் குழாயைத் தவிர வேறு எதையும் நெருப்புப் பக்கம் கொண்டுபோகவில்லை.

மணல் வெடித்த நாளை லயமே இன்னும் பேசுகிறது. பீலிக்குக் கீழே ஓடையில் அள்ளின மணல். மாதக்கணக்கில் மூட்டம் விலகாத காலம், காயப்போட்ட துணியே காயாது, மணல் எங்கே காயும்? தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. குழாயில் கொட்டி, இரண்டு முனையிலும் சவுக்குக் கட்டை அடித்து, அடுப்பில் வைத்தேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி ஒரு முனைக் கட்டையைத் துப்பிவிட்டது. அது போய்க் கூரைத் தகரத்தில் அடித்த சத்தத்தில் லயத்துச் சனம் அத்தனையும் வாசலுக்கு வந்துவிட்டது. யாருக்கும் அடி படவில்லை, அது அம்மாள் புண்ணியம். நீ உள்ளேயிருந்து, தீபாவளி முன்னாலேயே வந்துவிட்டதா என்று கேட்டாய்.

அப்புறம் மணலைப் பாக்கியத்தின் ரொட்டிச் சட்டியில் போட்டு, தூசி பறக்கும் வரைக்கும் வறுத்தோம். அந்தக் கிழமை முழுக்க ரொட்டி பல்லில் நறநறவென்றது. பாக்கியம் அதை இன்னும் மறக்கவில்லை.

விறகு அடுத்த வம்பு. நமக்கு விறகென்றால் கவ்வாத்து மிளாறு, தேயிலைச் செடியை வெட்டிவிட்ட குச்சி. அது பொசுக்கென்று எரிந்து பொசுக்கென்று அணையும். குழாயின் ஒரு பக்கம் சிவக்கும்போது மறுபக்கம் கறுப்பாகவே இருக்கும். இழுத்தால் உள்பக்கம் சுருக்கம் சுருக்கமாக விழுந்தது. இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிற சிரட்டைக்கரியை டோபியிடம் கேட்டு வாங்கி, குழி தோண்டி நெருப்புப் போட்டோம். ஒரு பக்கம் பாக்கியமும் மறுபக்கம் நீயும் ஊதாங்குழல் வைத்து ஊதினீர்கள். உன் முகத்தில் நெருப்பு வெளிச்சம் அடித்தது. உனக்கு அது தெரியாது, சூடுதான் தெரியும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்படியும் ஒன்று வளைகிறபோதே பிளந்தது. நீ பிளவைத் தடவிக்கொண்டே போய், குழாய் நெடுக ஒரு மெல்லிய கோடு இருப்பதைக் கண்டுபிடித்தாய். குழாயை உருட்டி ஒட்டின இடம் அது. அத்தனை குழாயைக் கண்ணால் பார்த்த எனக்கு அது தெரிந்ததேயில்லை.

"இது தையலுடா. இத முதுகுப் பக்கமும் வைக்காத, வயித்துப் பக்கமும் வைக்காத. விலாப் பக்கமா வச்சு வளை."

அப்படியே வைத்தேன். மணலைக் கொட்டும்போது குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தேன். நீ காதை வைத்துக் கேட்டு, இன்னும் இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது என்றாய். கலகல சத்தம் போய் மொத்துமொத்தென்று ஆனதும்தான் கட்டை அடிக்க விட்டாய். படித் திருப்பத்தில் கம்பியை வைத்து அளவு வளைத்து எடுத்து வந்திருந்தேன். சிவந்த குழாயை ஆட்டுக்கல்லில் அணைத்து மெதுவாக இழுக்க, அளவுக்கு மேல் வளையப் பார்த்த இடத்தில் பாக்கியம் தண்ணீர் ஊற்றி நிறுத்தினாள். ஆறினபிறகு நீ தடவினாய், போய்த் திரும்பி வந்து மறுபடியும் தடவினாய்.

"பரவாயில்ல" என்றாய். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு நல்ல வார்த்தை உன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்ததே இல்லை, அக்கா. தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும்.

கம்பம் நட்ட அன்றைக்கு நாம் சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? நீ குள்ளம். உன் கைக்கு வாகான உயரத்தில்தான் நட்டிருந்தேன். நீ தொட்டுப் பார்த்துவிட்டு, மேலே ஏற்று என்றாய். ஏற்றினேன், இன்னும் ஏற்று என்றாய். கல்லைப் போட்டு இறுக்கின கம்பங்கள், எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்ப நட வேண்டும். தோளைத் தூக்கிக்கொண்டு காக்காய் மாதிரி நடக்கப் போகிறாயா என்று கத்தினேன்.

"எனக்கு எட்டும். நீ ஏத்து."

ஏற்றினேன். அன்றிலிருந்து நீ தோளை உயர்த்திக்கொண்டுதான் அந்தப் படியில் நடந்தாய். அக்கா குட்டை, கைப்பிடி நெட்டை என்று லயத்தில் என்னைக் கேலி செய்தார்கள். பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஆனால் நீ நடந்தாய். யாரும் பின்னால் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, இடுப்பில் குடமும் கையில் குழாயுமாக இறங்கிப் போனாய். நானும் பாக்கியமும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சற்று நேரத்தில் கீழேயிருந்து உன் குரல் கேட்டது, வரிசையில் முந்தினவளோடு சண்டை. பேர் வெட்டினதிலிருந்து நீ யாரோடும் சண்டை போட்டதில்லை. பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நானும் அழுதேன்.

இனி வருவதை எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அப்படிச் சில வருஷம் போனபிறகு ஓர் அடைமழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்க வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு மறுநாள் வருகிறேன் என்று சொல்லி வந்தேன். அன்றிரவு மண் சரிந்து பாதை அடைபட்டது. கோச்சி ரயிலும் நின்றது. மழையில் நடந்து பார்த்தேன், போலீஸ்காரர் சிங்களத்தில் "யன்ன பே", போக முடியாது, என்று திருப்பி அனுப்பினார். பாதை திறந்து நான் வந்து சேர்ந்தபோது நீ இல்லை. மாற்றுத்துணி என் கையில் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு உடப்புசல்லாவைக்கார அம்மா படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"கட்டிலு தலமாட்டுக் கம்பியத் தடவிக்கிட்டே இருந்தாங்க தம்பி. வளைவுக்கு வந்தா கை நின்னுரும். 'சீமையில செஞ்ச கட்டிலாம், மூலையில சப்பிக் கெடக்கு. எந் தம்பி வளைச்சானே, அதுல கை நிக்கவே நிக்காது'ன்னாங்க. நீங்கதானா அந்தத் தம்பி?"

ஆமாம் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நீ என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால், எல்லாம் நீ கண்டுபிடித்த தையலால்தான் வந்தது என்று நானும் சொல்லியிருப்பேன். யாரோ ஒரு அம்மாவிடம் நீ சொல்லிவிட்டுப் போனாய், நான் அந்த அம்மாவிடம் தலையாட்டிவிட்டு வந்தேன். உனக்குச் சொல்ல வேண்டிய பதில் இத்தனை வருஷமாக என் நெஞ்சிலேயே கிடக்கிறது.

அதற்குப் பிறகு அந்தக் கைப்பிடியை நான் தொடவேயில்லை. எண்ணெய்த் துணி வைத்து மாதாமாதம் துடைத்துக்கொண்டிருந்தவன், விட்டுவிட்டேன். கறுப்புக் குழாய், இந்த மூட்டத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், போகட்டும் என்று இருந்தேன். டீமேக்கர் ஐயா சொன்ன மறுநாள் விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுமுன், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கழற்றப் போனேன். பார்த்தால் துருவே இல்லை. திருப்பத்தில் எல்லோரும் பிடிப்பார்கள், அங்கே பளபளவென்று இருந்தால் ஆச்சரியமில்லை. நேர்ப்படியில், ஆரம்பத்திலிருந்து முடிவுவரைக்கும், மேல்பக்கம் முழுக்க ஒரே பளபளப்பு. கண் தெரிந்தவர்கள் யாரும் அப்படி விடாமல் பிடித்துக்கொண்டு நடக்க மாட்டார்கள்.

திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள். தலையில் கூடைக் கயிறு, கை குழாயை விடாமல் வழுகி வந்தது. என்னை நேராகப் பார்த்தபடிதான் வந்தாள், ஆனால் நான் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. அவள் கை என் கைமேல் வந்து பட்டதும் திடுக்கிட்டு நின்றாள். நான்தான் என்று குரல் கொடுத்தேன். ஸ்பேனர் குழாயில் இடித்த சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"கழட்டப் போறீங்களா தம்பி?"

ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"தண்ணி வாசலுக்கு வந்துரும், சரி. பெரட்டுக்கு இந்தப் படியிலதானே போகணும். கொழுந்து எங் கைக்குத் தெரியுது. பாததான் தெரியல. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க, பேரு வெட்டிருவாங்க."

எத்தனை நாளாக என்று கேட்டேன். நீ கம்பம் நட வைப்பதற்கும் முன்னாலிருந்தே மங்கத் தொடங்கிவிட்டது என்றாள். பீலிக்கல்லில் அவள் குடத்தை வைக்கும்போது அடிக்கடி இடம் தப்பியிருக்கிறது. அந்தச் சத்தத்தை வைத்தே நீ கண்டுபிடித்துவிட்டாயாம். முத்தலையும் கொழுந்தையும் நகத்தால் ஒடித்துத் தெரிந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்ததும் நீதானாம். பேர் வெட்டினபிறகு, உனக்கே உதவாமல் போனபிறகு, நீ கற்றுக்கொண்ட வித்தை அது.

"கம்பி நட்டதும் எங் கையப் புடிச்சு அதுல வச்சாங்க. 'உன் ஒசரத்துக்குத்தான் ஏத்தச் சொன்னேன், புடிச்சுப் பழகிக்க. எந் தம்பிக்கும் தெரியவேணாம்'னாங்க."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன், அக்கா. அவள் பெரட்டுக்கு நேரமாகிறது என்று குழாயைப் பிடித்தபடி இறங்கிப் போனாள். திருப்பத்தில் அவள் கை நிற்கவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் உளறிவிடுவேன் என்று நினைத்தாயா? கத்தினேனே, காக்காய் என்றேனே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இத்தனை வருஷம் உன் தோள் வலித்ததே.

அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். எந்தக் காம்பிரா என்றும் எழுதமாட்டேன். தோட்டத்தின் பெயரை எழுதாததும் இதனால்தான். பாக்கியம் என்று எழுதியிருப்பதும் அவள் நிஜப்பெயர் இல்லை, கேட்டபோதே உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். என் பெயரையும் கீழே போடப் போவதில்லை.

டீமேக்கர் ஐயாவிடம், பழைய குழாய் உள்ளே அரித்துவிட்டது, தண்ணீருக்கு ஆகாது, புதிதாக ஒன்று வளைத்துத் தருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டேன். ஒரு கறுப்புக் குழாய் கொடுத்தார். டோபியிடம் கரி சொல்லியாயிற்று. இதை எழுதும்போது அடுப்பில் ரொட்டிச் சட்டியில் மணல் வறுபடுகிறது, பாக்கியம் உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறாள். தையலை விலாப்பக்கம் வைத்து வளைப்பேன். மணல் இறங்கி முடிந்ததா என்று நானே காதை வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பீலிப்படிக் கைப்பிடியை யார் சொன்னாலும் கழற்றமாட்டேன், அக்கா. மாதாமாதம் எண்ணெய் போடுவேன். கம்பம் சாய்ந்தால் திரும்ப நடுவேன், நீ சொன்ன அதே உயரத்தில்.

இனிமேல் ஏன் என்று கேட்காத,
உன் தம்பி.